புளியமரத்தில் அடித்த ஆணி

தன் வீட்டு வாசலில் இனிமேல் பெண்கள் கூட்டம் கூடக் கூடாது என்று பேயாண்டி முடிவெடுத்தது பரவை டீக்கடையில்தான். டீ பாதி டம்ளரில் இருந்தது. மானம் முழுசாகப் போயிருந்தது.

காரணம், டீக்கடைக்காரர் முத்துப்பாண்டி. பாய்லரைத் துடைத்துக்கொண்டே, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் அக்கறையாக விசாரித்தார்.

"ஏண்ணே, நேத்துக் கரப்பான்பூச்சியைப் பாத்துட்டு டைனிங் டேபிள் மேல ஏறிட்டீகளாமே?"

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

"யாரு சொன்னது?"

"ஊருக்குள்ள பேசிக்கிறாக."

"அது கரப்பான் இல்ல மாப்ள. தேளு."

"மீசை இருந்துச்சாமேண்ணே?"

பேயாண்டி மீதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவர் சாதாரண ஆள் இல்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவர். மைக்கைப் பிடித்து அவர் ஒரு அதட்டல் போட்டால், புறப்பட்ட பஸ் ரிவர்ஸில் திரும்பி வரும் என்பார்கள். அதாவது, அவர் சொல்வார். அப்பேர்ப்பட்டவரின் வீட்டு மைக் இப்போது மனைவி தாமரைச்செல்வியிடம் இருந்தது. கேட்டை ஒட்டி நின்ற புளியமரத்தடிதான் அவளுடைய ஒலிபரப்பு நிலையம்.

அந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலேயே அந்த மரம் அங்கே நின்றது. வீடு கட்டும்போது வெட்ட மனசு வராமல் காம்பவுண்டுச் சுவரை வளைத்துக் கட்டியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாமரைச்செல்வி கோணிச் சாக்கை விரிப்பாள். எதிர்வீட்டு செல்லக்கிளி அரிவாள்மணையோடு வருவாள். தெருவில் எல்லோருக்கும் மூத்தவரான ராமக்காள் வெற்றிலைப் பையோடு வருவார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். புளியம்பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அப்படியே அவரவர் வீட்டுக்காரரையும் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். கடைசியில் சதை மட்டும் மிஞ்சும். அது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

டீக்கடையிலிருந்து திரும்பிய பேயாண்டி முதலில் நயமாகவே ஆரம்பித்தார்.

"தாமரை, புளியமரத்துக் காத்து உடம்புக்கு ஆகாது. அதுக்குக் கீழ புல்லு கூட முளைக்காது, பாத்திருக்கியா?"

"போன மாசம் உங்க கணுக்கால் சுளுக்குக்கு அந்தப் புளிய இலையைத்தான் வேகவச்சுக் கட்டினேன். அப்ப மட்டும் ஆச்சா?"

"இலை வேற, நிழல் வேற. உக்காரணும்னா அடுத்த தெருவுல வேப்பமரம் இருக்குல்ல? குளுகுளுன்னு இருக்குமே?"

"வேம்பு அம்மன் குடியிருக்கிற மரம். அதுக்கு அடியில உக்காந்து புருஷனைப் பத்திப் பேசுனா குத்தமாயிரும்."

"அப்ப கம்மாக்கரை அரசமரம்?"

"அங்க பிள்ளையார் இருக்காரு. அவரு கல்யாணமாகாதவரு. நாங்க பேசுறது அவருக்குப் புரியாது."

"அந்தா சர்ச்சுக்குப் பக்கத்துல புங்கை…"

"என்னங்க," என்று தாமரைச்செல்வி துவைத்த வேட்டியை உதறினாள். "விடிஞ்சதுல இருந்து இந்த வீட்டுல உங்க குரல்தான் கேக்குது. ரிட்டையர் ஆகியும் பஸ்ஸை அனுப்புற மாதிரியே பேசுறீங்க. மத்தியானம் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்க குரல் எங்களுக்குக் கேக்குது. அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?"

பேயாண்டி பின்வாங்கினார். மரத்தை வெட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வெட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் தாமரைச்செல்வி அவரை வெட்டிவிடுவாள். ஆக, மரம் நிற்க வேண்டும், கூட்டம் மட்டும் கலைய வேண்டும். எப்படி?

வாசல்படியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது. புளியமரம் என்றாலே ஊரில் யாருக்கும் முதலில் நினைவு வருவது புளி இல்லை, பேய்! அதுவும் சொல்லப்போகிறவர் பெயரிலேயே பேய் இருக்கிறது. மற்றவன் சொன்னால் புரளி. பேயாண்டி சொன்னால் சாட்சி.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து சோபாவில் விழுந்தார். டீபாயின் முனை இடிக்காத பக்கமாகப் பார்த்துத்தான் விழுந்தார்.

"என்னங்க, மறுபடியும் கரப்பானா?"

"அடியே, மரத்துல ஒரு பொம்பளை உக்காந்திருக்குடி!"

"யாரு, செல்லக்கிளியா?"

"அவ எதுக்குடி மரத்துல உக்காரப் போறா?"

"பேருல கிளி இருக்கேன்னு கேட்டேன்."

"விளையாடாத. வெள்ளைச் சேலை. விரிச்ச தலை. மேற்கால போற கிளையில காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. பேய்!"

தாமரைச்செல்வி அடுப்பைக் குறைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"காலு இருந்துச்சா?"

"பேய்க்கு ஏதுடி காலு?"

"அப்ப எதைத் தொங்கப்போட்டிருந்துச்சு?"

மேலூர் பஸ் ஸ்டாண்டில் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டவர்கள் யாரும் இல்லை.

"முழங்கால் வரைக்கும் இருந்துச்சு."

"ஓகோ."

"இனிமே அந்த மரத்தடியில ஒருத்தரும் உக்காரப்படாது. மத்தியானம் உச்சி வெயில்லதான் அதுக்குப் பலம் ஜாஸ்தி."

"சாயங்காலம்தானே பாத்தீங்க?"

"பாத்தது சாயங்காலம். அது கீழ இறங்குறது மத்தியானம்."

தாமரைச்செல்வி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசினாள்.

"ரொம்பத்தான் பயந்து போயிட்டீங்க. நாளைக்கே அவங்ககிட்டச் சொல்லிடுறேன். நம்மளால நாலு பேருக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுல்ல?"

அன்று பேயாண்டி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் மரத்தடியில் ஈ, காக்கை இல்லை. சாக்கு இல்லை, அரிவாள்மணை இல்லை. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கும் முன்பே காதில் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. ஓடு உடைகிற சத்தம்.

ஹாலுக்குப் போனார். அங்கே ஃபேனுக்கு நேர் கீழே, அவருடைய சாய்வு நாற்காலியில், ராமக்காள் சாய்ந்திருந்தார். தரையெல்லாம் கோணிச் சாக்கு. மொசைக் தரையில் புளி பிசுபிசுத்தது. அவர் செய்தி பார்க்கிற டிவியில் ஒரு மாமியார் ஒரு மருமகளை அறைந்துகொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க எல்லாரும்?"

"மரத்தடியில பேய் இறங்குதாமேண்ணே," என்றாள் செல்லக்கிளி. "அண்ணன் மட்டும் பாக்கலைன்னா எங்க கதி என்னாகியிருக்கும்? உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"அதுக்கு ஏன்த்தா இங்க வரணும்? அவங்கவங்க வீட்டுல உக்காரலாம்ல?"

"பேயை நேருக்கு நேரா பாத்த ஆம்பளை இருக்கிற வீடுதாம்ப்பா பாதுகாப்பு," என்றார் ராமக்காள், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

பேயாண்டி தன் நாற்காலியைப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள் தாமரைச்செல்வி, "பொம்பளைங்க பேசுற இடத்துல உங்களுக்கு என்ன வேலை? கொஞ்சம் காத்தாட வெளிய இருங்களேன்."

வெளியே வந்தார். சித்திரை வெயில் சிமெண்டு முற்றத்தில் அப்பளம் பொரிக்கிற அளவுக்கு அடித்தது. நிழல் என்று இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். நல்ல அடர்த்தியான, இதமான புளியமரத்து நிழல். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

"என்னங்க!" உள்ளேயிருந்து அலறினாள் தாமரைச்செல்வி. "அங்க போகாதீங்க! பேய்!"

அவளோடு சேர்ந்து இன்னும் நாலு குரல் அலறியது. பேயாண்டி நாற்காலியைத் திரும்ப இழுத்து வந்தார். காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. அதில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். சைக்கிளில் பால் வாங்கப் போன முத்துப்பாண்டி ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்னண்ணே, இம்புட்டு வெயில்ல நிக்கிறீக?"

"விட்டமின் மாப்ள."

"உள்ள ஏதோ சிரிப்புச் சத்தம் கேக்குதேண்ணே?"

"டிவி."

இப்படியே ஒரு வாரம் போனது. பேயாண்டியின் முகம் சுட்ட கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வீட்டுக்குள் கூடிய கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தது, ஃபேன் காற்று அப்படி. முதலில் புளியோடு வந்தவர்கள், பிறகு பூக் கட்ட வந்தார்கள், வடகம் பிழிய வந்தார்கள். அவருடைய நாற்காலியின் துணி ராமக்காளின் அளவுக்குத் தொய்ந்துவிட்டது. மரத்தடியில் பேசியபோதாவது அவர் சமாச்சாரம் கேட் வரைக்கும் போய்த்தான் வெளியேறியது. இப்போது பீரோவைத் திறந்து, சாட்சிப் பொருட்களைக் காட்டியே பேசினார்கள். அவருடைய ஓட்டை பனியன் ஒன்று கைமாறிக் கைமாறிப் போனதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் ஹாலுக்கு நடுவில் வந்து நின்று அறிவித்தார். பழைய மைக் குரல் தானாக வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பேய் போயிருச்சு."

"எது?" என்றாள் தாமரைச்செல்வி.

"மரத்துல இருந்த பேய். இன்னைக்குக் காலையில இறங்கிப் போனதை என் கண்ணால பாத்தேன். இனிமே நீங்க பழையபடி அங்கேயே உக்காரலாம்."

"எந்தப் பக்கம் போச்சுண்ணே?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"திண்டுக்கல் பக்கம்."

"நடந்தா?"

"ஆமா."

"முழங்கால் வரைக்கும்தானே இருந்துச்சு? அம்புட்டுத் தூரம் எப்படிண்ணே நடக்கும்?"

"பறந்து போச்சு. நடந்த மாதிரி பறந்துச்சு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சாக்கைச் சுருட்டவில்லை. ராமக்காள்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, புளியமரத்துப் பேய் தானா இறங்காதுப்பா. இறங்குன மாதிரி பாவலா காட்டும். முதல்ல யாரு கண்ணுல பட்டுச்சோ அவங்க மேல ஏறத்தான் அப்படிக் காட்டுறது. உனக்கு இப்ப ராவுல தூக்கம் வருதா?"

"வருதே."

"சோறு இறங்குதா?"

"இறங்குது."

"முகம் கறுத்திருக்கே?"

"அது வெயில்ல…"

"ஏறிருச்சு," என்று ராமக்காள் முடிவாகச் சொன்னார். எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள்.

"இதுக்கு என்னக்கா பண்றது?" தாமரைச்செல்வியின் குரல் நடுங்கியது.

"ஆணி அடிக்கிறதுதான். யாரு மேல ஏறுச்சோ அவங்க உச்சி முடியைக் கத்தரிச்சு எடுக்கணும். அதை ஒரு இரும்பாணியில சுத்தி, அந்தப் புளியமரத்துலயே அறையணும். முடியோட சேந்து பேயும் மரத்துல கட்டுப்பட்டுரும். அப்புறம் ஒருத்தர்கிட்டயும் வாலாட்டாது. எங்க ஊர்ப் பக்கம் புளியமரத்துல ஆணி இல்லாத இடமே இருக்காது."

உச்சி முடி என்ற வார்த்தையைக் கேட்டதும் பேயாண்டியின் கை தானாகத் தலைக்குப் போனது.

அவருடைய தலையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அது வெளிப்பார்வைக்கு முடியுள்ள தலை. உண்மையில் அங்கே இருந்தது இடது காதுக்கு மேலே விளைந்த ஒரே ஒரு கற்றை. அதை முழ நீளத்துக்கு வளர்த்து, தேங்காய் எண்ணெய் போட்டுப் பக்குவப்படுத்தி, உச்சி வழியாக வலது காதுக்கு நெடுஞ்சாலை போட்டிருந்தார். அந்தச் சாலை கலையாமல் இருக்க, பைக்கில் பின்னால் உட்கார மாட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். சிரிக்கும்போதுகூடத் தலையை ஆட்டாமல் சிரிப்பார்.

"சீப்புல ஒட்டியிருக்கிற முடி போதாதா?" என்று கேட்டார்.

"அதுல தாமரை முடியும் கலந்திருக்கும். அப்புறம் பேயி யாரைக் கட்டுறதுன்னு குழம்பிரும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. ஈர வேப்பங்கொழுந்துக் கொப்பை ஒடிச்சுட்டு வந்து, பேயி தன் பேரைச் சொல்ற வரைக்கும் உன்னை அடிக்கலாம்."

"அவரு பேரே பேயாண்டிதானேக்கா?" என்றாள் செல்லக்கிளி. "முதல் அடியிலேயே சொல்லிருவாரே. நிறுத்துறதா வேணாமான்னு தெரியாதுல்ல?"

"அதான் சொல்றேன், ஆணிதான் சரி."

பேயாண்டி தனியாகப் போய்க் கொல்லைப்புறத் துவைக்கல்லில் உட்கார்ந்து யோசித்தார். பேயே இல்லை, எல்லாம் நான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டால் முடி மிஞ்சும். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் முத்துப்பாண்டி என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்த்தார். கரப்பான் கதையாவது ஒரு நாள் பேச்சோடு போனது. இது ஆயுசுக்கும் போகாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் முடி போகும், பேயை ஜெயித்த ஆள் என்ற பெயராவது நிற்கும். முடியா, பேரா? கற்றையை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் காரியம் நடந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் மரத்தைச் சுற்றி நின்றார்கள். மரத்தடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, செல்லக்கிளி மாக்கோலம் போட்டிருந்தாள். பேயாண்டியை மணைப்பலகையில் உட்கார வைத்தார்கள். தாமரைச்செல்வி கத்தரிக்கோலோடு பின்னால் நின்றாள்.

"கொஞ்சமா எடு," என்றார் மெதுவாக.

"இருக்கிறதே கொஞ்சம்தாங்க."

'கறுக்' என்று ஒரு சத்தம். நெடுஞ்சாலை மொத்தமாகத் துண்டாகி அவள் கைக்கு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த தெருவிலிருந்து, ஏதோ சடங்கு வீடு என்று நினைத்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராமக்காள் கற்றையை ஆணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தார். சுத்தியலால் அவரே அறைந்தார். ஒவ்வொரு அறையும் அவர் நெஞ்சில் விழுந்தது. ஆணி இறங்கியதும் தெற்கே சமணர் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. மரத்தில் அவருடைய முடி அலை அலையாக ஆடியது. தலையில் இருந்த காலத்தில் அது ஒருநாளும் அவ்வளவு அழகாக ஆடியதில்லை.

"இனி பயமில்லத்தா," என்றார் ராமக்காள். சொல்லி முடிப்பதற்குள் சாக்குகள் விரிந்தன. அரிவாள்மணை வந்தது. ஓடு உடைய ஆரம்பித்தது.

பேயாண்டி உள்ளே போய்ப் பெட்ரூம் கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடியில் யாரோ ஒரு மொட்டைத் தலை மனிதர் பரிதாபமாக அவரைப் பார்த்தார். ஹாலில் நாற்காலி காலியாக இருந்தது. டிவி சும்மா இருந்தது. உட்கார மனசு வரவில்லை.

தாமரைச்செல்வி உள்ளே வந்தாள். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, காதோரம் பிசிறாக நின்ற முடியைக் கத்தரிக்கோலால் ஒன்றுபோல ஒதுக்கிவிட்டாள். ஈரத்துண்டால் தலையைத் துடைத்தாள். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் அவர் உச்சந்தலையில் குளிர்ச்சியாகக் காற்றுப்பட்டது. சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தில் மனசு இளகிவிட்டது.

"தாமரை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த மரத்துல பேயே இல்லடி. உங்க கூட்டத்தைக் கலைக்க நானாத்தான் கட்டிவிட்டேன்."

"தெரியும்ங்க."

பேயாண்டி சடாரென்று திரும்பினார். இப்போது தலையை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"நீங்க சோபாவுல விழுந்தப்ப இருந்து."

"தெரிஞ்சுக்கிட்டேவா என் முடியை வெட்டின?"

"அந்தப் பேயும் பொய்யி. உங்க தலையில இருந்த முடியும் பொய்யி. ரெண்டையும் ஒரே ஆணியில அடிச்சு முடிச்சாச்சு. இப்பத்தாங்க பாக்க லட்சணமா இருக்கீங்க."

பேயாண்டிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கண்ணாடியை இன்னொரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியமாக, கெஞ்சலாகச் சொன்னார்.

"ஆனது ஆயிப்போச்சு. நானாக் கட்டிவிட்ட கதைங்கிறது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அவங்ககிட்ட மட்டும் சொல்லிராத தாமரை."

"சத்தியமா நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் அவள்.

திறந்திருந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் ஓடு உடைகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அங்கிருந்து செல்லக்கிளியின் குரல் வந்தது.

"அண்ணே, அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ராமக்காளுக்குச் சரியாக் கேக்கலையாம்!"